மனையும் வாய்மையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் உண்மை, வாய்மை, மெய்ம்மை என மூன்று சொற்கள் உள்ளன. ஒரு பொருளையே குறிப்பனபோல் தோன்றினும், உள்ளத்தின்பாற்பட்டது உண்மை, வாயின்பாற்பட்டது வாய்மை, மெய்யாகிய உடம்பின்பாற்பட்டது மெய்ம்மை எனப் பிரித்துப் பொருள் காண்பது மரபு. நினைப்பு, சொல், செயல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மாறுபடாது நிற்றலே நிறைவாழ்வு என்பது இதன் உட்கிடை. இப்பாகுபாடு பெரும்பாலும் தனிமனித ஒழுக்கத்தைப் பேசும் இடங்களிலேயே எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. இம்மூன்றும் தம்முள் பிரிந்து போமாயின் உயிர்கள் மடியும் தொழில் ஒன்று உண்டு. அதனைக் குறித்ததே இவ்வுரை.

நகராட்சிகளும் வீட்டுவசதிச் சங்கங்களும் தமக்குரிய வீடுகளை ஆயிரக்கணக்கில் வாடகைக்கு விட்டு நிருவகிக்கும் நாடுகளுள் இங்கிலாந்து ஒன்று. அவ்வீடுகளில் வாழ்வோரின் உடல்நலத்திற்கும் உயிருக்கும் ஊறு நேராதவாறு, சட்டம் விதித்த ஆய்வுகள் உரிய காலத்தில் நடைபெறுகின்றனவா, கண்ட குறைகள் களையப்பட்டனவா எனப் பார்ப்பதற்கென்றே அங்குத் தனி அலுவலர்கள் உள்ளனர். எரிவாயு, நெருப்பு, நீர், காற்று, மின்சாரம் என ஐந்தையும் கண்காணிக்கும் பணி அவர்களுடையது.

இலக்கிய மேடையில் இதற்கு இடம் ஏது என்னும் வினா எழுதல் இயல்பே. 'அகம்' என்னும் ஒரே சொல்லால் உள்ளத்தையும் வீட்டையும் சுட்டிய மொழி தமிழ். அகத்தைப் பாடுவோர்க்கு அந்த அகத்தின் சுவரும் கூரையும் கதவும் அயற்பொருள் ஆகா. மேலும், இத்தொழிலின் கருவி திருகுளியன்று, சொல்லே ஆகும். அலுவலர் குழாய்களைப் பழுது பார்ப்பதில்லை. பழுது பார்த்தவர் எழுதிய சொல், பார்த்த பொருளோடு ஒத்திருக்கிறதா என்பதையே அவர் ஆராய்கிறார். ஆகவே இது சொல்லைக் காக்கும் தொழில். கவிஞர்க்கு உறவுடைய தொழில் எனலாம்.

வாடகையும் வருகையும்

இப்பணியின் தொடக்கத்தை அறிய 1865-ஆம் ஆண்டிற்குச் செல்லுதல் வேண்டும். அவ்வாண்டில் இலண்டன் மாநகரின் மேரிலிபோன் பகுதியில் பேரடைஸ் பிளேஸ் என்னும் சந்தில் பழுதுற்றுக் கிடந்த மூன்று வீடுகள் ஆக்டேவியா ஹில் என்னும் பெண்மணியின் பொறுப்பில் வந்தன. பெயர் துறக்கம், இடமோ அழுக்கின் உறைவிடம். வீடுகளை வாங்கப் பொருள் உதவியவர் ஜான் ரஸ்கின். அவருடைய 'அன்டு திஸ் லாஸ்ட்' என்னும் நூலைக் காந்தியடிகள் 1908-இல் 'சர்வோதயம்' என்னும் பெயரால் குசராத்தியில் சுருக்கித் தந்தமையால், ரஸ்கின் தமிழ் வாசகர்க்கும் அறிமுகமானவரே. முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வருவாய். அதற்கு மேற்பட்டது வீடுகளைச் செப்பனிடுதற்கு என்பது ஏற்பாடு.

ஹில் அம்மையாரும் அவர் பயிற்றுவித்த பெண்களும் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று வாடகை பெற்றனர். வாடகை பெறச் சென்ற கண் படிக்கட்டையும் சாக்கடையையும் சுவரின் ஈரத்தையும் பார்த்தது. கண்டது உடன் செப்பனிடப்பெற்றது. வாடகை தாராதவரிடம் அம்மையார் கடுமை காட்டியவரே. அக்காலத்து மேல்தட்டின் அறிவுரைக் குரலும் அவரிடம் உண்டு. எனினும், வீட்டைப் பேணுவோர் வீட்டிற்குள் செல்லுதல் வேண்டும், மீண்டும் மீண்டும் செல்லுதல் வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியவர் அவர். தம்மோடு பணிபுரிந்தோர்க்கு ஆண்டுதோறும் அவர் மடல் எழுதி அச்சிட்டு வழங்கியதும் இங்கு நினைக்கத்தக்கது. பார்த்ததை எழுதுக, எழுதியதைப் பிறர் அறியத் தருக என்னும் முறைமை அம்மடல்களிலேயே வேர்கொண்டது.

ஆறு பேரேடுகள்

இன்று இத்தகைய அலுவலரின் மேசையில் ஆறு பேரேடுகள் உள்ளன எனலாம். எரிவாயு, தீ, மின்சாரம், கல்நார், நீர், மின்தூக்கி என்பன அவை. இவை இப்போது கணினியில் உள்ளன. ஆயினும் பேரேட்டின் இயல்பு மாறவில்லை. முகவரி, நாள், ஆய்ந்தவர், கண்டது, செய்தது என்னும் ஐந்து நிரல்களில் ஒரு வீட்டின் நலம் அடங்கிவிடுகிறது.

எரிவாயுவை முதலிற் கொள்வோர்க்குக் காரணம் உண்டு. வெந்நீர்க் கொதிகலன் சரிவர எரியாதபோது தோன்றும் கார்பன் மோனாக்சைடு நிறமற்றது, மணமற்றது. உறங்குவோரை எழுப்பாமலே கொல்வது. ஆதலின் வீட்டு உரிமையாளர் ஆண்டுக்கு ஒருமுறை எரிவாயுக் கருவிகளை ஆய்வித்தல் வேண்டும் என்றும், அச்சான்றின் படியை ஆய்வு முடிந்த 28 நாள்களுக்குள் குடியிருப்போரிடம் தருதல் வேண்டும் என்றும் 1998-ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. ஆய்வாளர் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இடம்பெற்றவராக இருத்தல் கட்டாயம். 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆண்டு நிறைவதற்கு இரண்டு மாதம் முன்னரே ஆய்வை முடித்தாலும் அடுத்த ஆண்டின் கெடுநாள் மாறுவதில்லை. முன்னதாகச் செய்பவர் நாள் இழப்பதால், யாவரும் கடைசி நாள்வரை காத்திருந்த நிலையை இச்சிறு திருத்தம் மாற்றியது. மனித மனத்தை அறிந்தவர் எழுதிய விதி இது.

கல்நாரின் இயல்பு வேறு. சுவரிலும் கூரையிலும் குழாயுறையிலும் அது அசையாதிருக்கும்வரை பெரிதும் தீங்கற்றது. துளையிட்டாலோ உடைத்தாலோ அதன் நுண்ணிழைகள் காற்றிற் கலந்து நுரையீரலில் தங்கி, பல்லாண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். நீல, பழுப்பு வகைகள் 1985-இலும் வெண்ணிற வகை 1999-இலும் பிரிட்டனில் தடை செய்யப்பட்டன. அதற்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களில் அஃது இன்றும் உறைகின்றது. ஆகவே, எங்கே உள்ளது என்பதை எழுதி வைத்தலும், துளையிட வரும் தொழிலாளிக்கு அதனை முன்னரே காட்டுதலுமே காப்பு. ஓர் ஏட்டில் ஒரு வரி விடுபட்டால், அதன் விளைவை ஒரு தச்சர் முப்பது ஆண்டுகளுக்குப் பின் தம் மூச்சில் அறிவார்.

நீரைப் பொறுத்தவரை, நின்ற நீரே பகை. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதி ஒன்றில் கூடிய முன்னாள் போர்வீரர் பலரைப் பற்றிக் கொன்ற நோயின் காரணத்தை ஆராய்ந்தபோதே லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் அறியப்பட்டது. 20 முதல் 45 பாகை செல்சியசு வரையிலான வெதுவெதுப்பில் அது பெருகும். ஆதலின் வெந்நீர் 60 பாகைக்குக் குறையாமல் சேமிக்கப்படுதல் வேண்டும். தண்ணீர் 20 பாகைக்குக் கீழே இருத்தல் வேண்டும். ஆளில்லாத வீட்டின் குழாயை வாரம் ஒருமுறை திறந்து ஓட விடுதலும் ஒரு பணி. யாரும் அருந்தாத நீரை ஒருவர் திறந்துவிட்டு, நாளும் நேரமும் குறித்துக் கையொப்பமிடுவது காண்பார்க்கு வீண் செயலாகத் தோன்றலாம். அடுத்துக் குடிவரும் முதியவர் குளிக்கும் நாளில்தான் அதன் பயன் விளங்கும். விளங்காமலே போவதுதான் அதன் வெற்றி.

மின்தூக்கிகளை ஆறு திங்களுக்கு ஒருமுறை தகுதியுடையார் முழுமையாக ஆய்தல் வேண்டும். 11 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்களில் பொதுவழித் தீத்தடுப்புக் கதவுகளை மூன்று திங்களுக்கு ஒருமுறை பார்த்தல் வேண்டும் என்று 2023 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் கூறுகின்றன. கதவு தானே மூடிக்கொள்கிறதா, விளிம்பின் இடைவெளி அளவோடு உள்ளதா, வெப்பத்தில் விரிந்து அவ்விடைவெளியை அடைக்கும் பட்டை கிழியாமல் இருக்கிறதா என்பன பார்க்கப்படும். நெருப்பையும் புகையையும் அரைமணி நேரம் தடுத்து நிறுத்துவது அந்த மரக்கதவே.

திறவாத கதவு

இப்பணியின் பெருந்தடை, கருவியோ பணமோ அன்று. திறவாத கதவே ஆகும். ஆய்வாளர் வந்து கதவைத் தட்டி, திறப்பாரின்றித் திரும்பியதை 'உள்நுழைய இயலவில்லை' என ஏட்டில் எழுதுவர். இத்தொடர் ஏடு முழுவதும் பரந்து கிடக்கும். அதன் பின்னே இருக்கும் வாழ்வை ஏடு சொல்வதில்லை. இரவுப்பணி முடித்து உறங்குபவர் ஒருவர். கடன்காரர் என அஞ்சுபவர் ஒருவர். வீட்டின் அலங்கோலத்தைப் பிறர் காண நாணுபவர் ஒருவர். வந்த மடலின் மொழி அறியாதவர் ஒருவர். மருத்துவமனையில் கிடப்பவர் ஒருவர். ஒருவேளை, கதவுக்குப் பின்னே விழுந்து கிடப்பவரும் இருக்கலாம்.

முதல் மடல், இரண்டாம் மடல், எச்சரிக்கை, இறுதியில் நீதிமன்ற ஆணை என்பது வழக்கமான ஏற்றம். தேர்ந்த அலுவலர் ஆணைக்குச் செல்லுமுன் மடலை மாற்றி எழுதிப் பார்ப்பார். சட்டப்பிரிவின் எண்ணோடு தொடங்கும் மடலைப் பலர் முதல் வரியிலேயே மூடி வைத்துவிடுவர். 'உங்கள் கொதிகலன் நஞ்சுக்காற்றை வெளியிடுகிறதா எனப் பார்க்க இருபது நிமிடம் வேண்டும். மாலையிலும் வர இயலும்' என எழுதிய மடல் கதவைத் திறக்கும். பெறுநரின் மொழியில் எழுதினால் இன்னும் விரைவில் திறக்கும். கேட்போர் யார் என அறிந்து சொல்லைத் தெரிந்தெடுத்தல் அவையறிதலின்பாற்படும். புலவர்க்கு விதித்த அத்தகுதி, கொதிகலனைப் பற்றி மடல் எழுதுபவர்க்கும் வேண்டியிருக்கிறது.

வரைபடமும் கட்டடமும்

1968 மே 16 அன்று விடியற்காலையில், கிழக்கு இலண்டனின் கேனிங் டவுன் பகுதியில் இருந்த ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தின் பதினெட்டாம் மாடியில் எரிவாயு வெடித்தது. குடிவந்து சில கிழமைகளே ஆகியிருந்த புதுக்கட்டடம் அது. வெடிப்பு சிறிது, விளைவு பெரிது. சுமைதாங்கும் சுவர்ப்பலகை ஒன்று வெளியே தள்ளப்பட, அதன் மேலிருந்தவை கீழே சரிய, அவற்றின் சுமையால் கீழுள்ளவையும் சரிய, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் இடிந்து வீழ்ந்தது. நால்வர் மாண்டனர்.

தொழிற்சாலையில் வார்த்த பலகைகளைக் கொணர்ந்து அடுக்கி இணைக்கும் முறையில் எழுந்தது அக்கட்டடம். ஒரு பலகை நழுவினால் சுமையைத் தாங்க மாற்று வழி அதன் அமைப்பில் இல்லை. நேர்ந்த ஊறுக்குச் சற்றும் ஒவ்வாத அளவில் கட்டடம் சரிதல் கூடாது என்னும் விதி இதன் பின்னரே கட்டட விதிகளில் இடம்பெற்றது. இடிந்த மூலையை மீண்டும் கட்டிக் குடியேற்றினர். 1986-இல் அதனைப் பிரித்தெடுத்தபோது, இணைப்புகளின் வேலைப்பாடு எத்துணைத் தரக்குறைவானது என்பது வெளிப்பட்டது. வரைபடம் ஒன்று கூறிற்று. கட்டடம் வேறொன்றாக நின்றது. வாய்மைக்கும் மெய்ம்மைக்கும் இடைப்பட்ட அந்த வெளியில் மக்கள் பல ஆண்டுகள் உண்டும் உறங்கியும் வாழ்ந்தனர்.

ஓர் இரவு

2017 சூன் 14. இலண்டனின் வடகென்சிங்டன் பகுதியில் 1974-இல் கட்டி முடிக்கப்பட்ட 24 மாடி கிரென்ஃபெல் கோபுரம். நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒரு மணி. நான்காம் மாடி வீடொன்றின் குளிர்பதனப் பெட்டியில் பற்றிய தீ, சாளரத்தின் வழியே வெளியேறியது. கட்டடத்தின் மேல் 2016-இல் முடிந்த புதுப்பிப்பில் புறப்போர்வை ஒன்று போர்த்தப்பட்டிருந்தது. அலுமினியத் தகடுகளின் நடுவே பாலிதீன் வைத்த பலகைகள் அவை. அரைமணி அளவில் தீ உச்சியைத் தொட்டது. 72 பேர் இறந்தனர்.

'உங்கள் வீட்டில் தீ இல்லையெனில் உள்ளேயே இருங்கள்' என்பது அக்கட்டடத்தில் வாழ்ந்தோர்க்குச் சொல்லப்பட்டிருந்த அறிவுரை. ஒவ்வொரு வீடும் தீயை அடக்கும் தனிப்பெட்டி என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்த அறிவுரை அது. பெட்டி உடைந்த பின்னும் அறிவுரை உடையவில்லை. 2 மணி 47 நிமிடத்தில்தான் அது கைவிடப்பட்டது. மெய்ம்மை மாறிய பின்னும் வாய்ச்சொல் மாறாது நின்ற அவ்விடைவெளி பல உயிர்களைக் கொண்டது.

சர் மார்ட்டின் மூர்பிக் தலைமையிலான விசாரணை ஆணையம் 2019 அக்டோபரில் முதலறிக்கையையும் 2024 செப்டம்பர் 4 அன்று இறுதியறிக்கையையும் வெளியிட்டது. அனைத்து இறப்புகளும் தவிர்க்கக்கூடியனவாக இருந்தன என்பது அதன் முடிவு. புறப்போர்வைப் பொருள்களைச் செய்தோரும் விற்றோரும் ஆய்வு முடிவுகளில் திட்டமிட்ட நேர்மையின்மையைக் கைக்கொண்டனர் என அது எழுதிற்று. கட்டடத்தை நிருவகித்த அமைப்பு, தீ ஆய்வில் கண்ட குறைகளைக் களையாது குவியவிட்டதும், வீட்டுக் கதவுகள் பலவற்றில் தானே மூடும் கருவி செயற்படாமல் இருந்ததும் வெளிப்பட்டன. அதாவது, ஆய்வு நடந்தது, குறை எழுதப்பட்டது, எழுதியது ஏட்டிலேயே உறங்கிற்று.

இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி பிறிதொன்று. அங்கு வாழ்ந்தோருள் ஒரு குழுவினர் தீ அச்சத்தைப் பல ஆண்டுகள் எழுத்தில் முறையிட்டு வந்தனர். பேரழிவு ஒன்று நேர்ந்தாலன்றி நிருவாகத்தின் திறமின்மை வெளிப்படாது என அவர்கள் 2016 நவம்பரில் எழுதினர். ஏழு திங்களில் அது நேர்ந்தது. கட்டடத்தைக் குறித்து எழுதப்பட்ட எத்தனையோ தாள்களுள் மெய்யோடு முழுதும் ஒத்த தாள், அதிகாரமில்லாதவர் எழுதிய அத்தாளே. தொல்லை தருவோரின் கூச்சலாக அது ஒதுக்கப்பட்டது.

இதன் பின்னர் 2022-இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. 18 மீட்டர் உயரமோ ஏழு மாடியோ உடைய குடியிருப்புகளுக்குப் பெயர் குறித்த பொறுப்பாளர் வேண்டும் என அது விதித்தது. டேம் ஜூடித் ஹாக்கிட் 2018-ஆம் ஆண்டு அறிக்கையில் பரிந்துரைத்த கருத்தொன்றும் நடைமுறைக்கு வந்தது. கட்டடம் வரைபடமான நாள் முதல் அதில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் அறுபடாத செய்தித் தொடராகக் காக்கப்படுதல் வேண்டும் என்பது அக்கருத்து. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பொன்னிழை'. சட்டத்துறையினர் ஓர் உருவகத்தை நாடியது வியப்பன்று. இழை அறுந்ததால் வந்த கேட்டை அவர்கள் கண்டிருந்தனர்.

ஒரு சொல் செய்த கேடு

வீட்டுச் சுவரில் கரும்புள்ளியாகப் படரும் பூஞ்சணம் தீயைப்போல் ஆரவாரம் செய்வதில்லை. சமைத்தல், குளித்தல், துணி உலர்த்தல், ஏன், மூச்சு விடுதல் ஆகியவற்றாலும் காற்றில் ஈரம் சேரும். அவ்வீரம் குளிர்ந்த சுவரைத் தொட்டு நீராகும். காற்றோட்டமும் சுவர்க்கு வெப்பக்காப்பும் இருப்பின் அது தங்காது. இல்லாவிடில் பூஞ்சணம் வளரும். கூற்று எளிது. ஆனால் நிருவாகங்கள் நெடுங்காலம் இதனை விளக்கக் கையாண்ட சொல் 'வாழ்க்கைமுறை' என்பது. குடியிருப்போர் வாழும் முறையே காரணம். சாளரத்தைத் திறவார், வீட்டிற்குள் துணி உலர்த்துவார், மிகுதியாகக் குளிப்பார் என்பன அச்சொல்லுள் பொதிந்த பழிகள்.

இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில், அடுக்குமாடி வீடொன்றில் வாழ்ந்த குடும்பத்தலைவர் 2017-லேயே பூஞ்சணம் குறித்து முறையிட்டார். வண்ணம் பூசி மறைக்குமாறு அவர்க்குச் சொல்லப்பட்டது. 2020 டிசம்பரில் அவருடைய மகன், இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் இறந்தான். வீட்டுப் பூஞ்சணத்தை நெடுநாள் மூச்சிற் கொண்டமையால் விளைந்த கடும் சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் இறப்பு விசாரணை அலுவலர் முடிவு கூறினார். இதற்கு முன்னரே, 2021 அக்டோபரில், வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் ஈரமும் பூஞ்சணமும் குறித்த தம் அறிக்கைக்கு 'அது வாழ்க்கைமுறை அன்று' எனப் பொருள்படத் தலைப்பிட்டிருந்தார். ஓர் அரசுசார் அறிக்கை ஒரு சொல்லை மறுப்பதற்கென்றே தலைப்பைப் பயன்படுத்தியது எண்ணத்தக்கது. சொல் தவறானால் காரணம் தவறும். காரணம் தவறினால் மருந்து தவறும். மருந்து தவறினால் குழந்தை இறக்கும் என்னும் தொடர்ச்சி அங்கு வெறும் தருக்கமாக இருக்கவில்லை.

அக்குழந்தையின் பெயராலேயே வழங்கும் சட்டவிதி 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. உடனடித் தீங்கெனில் 24 மணி நேரத்திற்குள் தீர்வு. கடுமையான ஈரமும் பூஞ்சணமும் எனில் 10 வேலை நாள்களுக்குள் ஆய்வு. ஆய்வு முடிந்த ஐந்து வேலை நாள்களுக்குள் காப்புப் பணி. இவற்றோடு, ஆய்வில் கண்டதைச் சுருக்கி எழுதி மூன்று வேலை நாள்களுக்குள் குடியிருப்போரிடம் தருதல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. நிருவாகத்தின் ஏட்டிற்குள் அடைபட்டிருந்த சொல், யாரைப் பற்றியதோ அவர் கையைச் சென்றடைதல் இதன்வழி கடமையாயிற்று.

தாளும் மெய்யும்

இங்கு ஒரு மறுப்பு எழுதல் கூடும். தாள்கள் பெருகப் பெருக உண்மை பெருகுமா? கட்டங்களை நிரப்புவதே பணியாகி, வீட்டைப் பார்க்கும் கண் மங்கிவிடாதா? இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. கிரென்ஃபெல் கோபுரத்திற்கும் தாள்கள் இருந்தன. பத்தாயிரம் வீடுகளை நிருவகிக்கும் அமைப்பொன்று 'நூற்றுக்கு 99.9 வீடுகளில் எரிவாயு ஆய்வு முடிந்தது' என அறிவித்தால் அவை கைதட்டும். எஞ்சியவை பத்து வீடுகள். ஆய்வு முடிந்தது என்னும் செய்தியும், ஆய்வில் கண்ட குறை தீர்ந்தது என்னும் செய்தியும் வெவ்வேறானவை. நூற்றுவீதம் முன்னதையே சொல்லும்.

திங்கள் இறுதியில் நூற்றுவீதம் கேட்கப்படும்போது அலுவலரின் விரல் தயங்கும் இடம் ஒன்றுண்டு. 'நிறைவுற்றது', 'நிலுவையில் உள்ளது' என இரண்டு சொற்கள் திரையில் நிற்கும். நாளை செய்துவிடுவார்கள் என்னும் நம்பிக்கையில் முதற்சொல்லை இன்றே இடுதல் எளிது. யாரும் கேட்கமாட்டார், பெரும்பாலும் ஏதும் நேராது. அப்'பெரும்பாலும்' என்னும் சொல்லின் மேல்தான் பிறர் குழந்தைகள் உறங்குகின்றனர். சிவப்பு நிறத்தில் நிலுவை எனக் காட்டி, கூட்டத்தில் கடிந்துரை பெறும் அலுவலர், அன்று ஒரு வீட்டைக் காத்தவர் ஆவார். அவர்க்கு விருதில்லை, நேராத விபத்திற்கு நினைவுத்தூண் எழுப்புவாரும் இல்லை.

ஆகவே, தாள் வேண்டாம் என்பது மறுப்பிற்கு விடையாகாது. தாளை மெய்யோடு வைத்துப் பார்க்கும் கண் வேண்டும் என்பதே விடை. எழுதியவர் சென்று பார்த்தல், எழுதாத ஒருவர் மீண்டும் சென்று பார்த்தல், அங்கு வாழ்பவர் சொல்வதை இரண்டோடும் ஒப்பிடுதல் ஆகிய மூன்றும் வேண்டும். ஆக்டேவியா ஹில் வாரந்தோறும் படியேறியதன் பொருள் இதுவே. அலுவலர் தம் ஏட்டை விட வீட்டையே நம்புபவராக இருத்தலும், ஏடு வீட்டோடு ஒவ்வாதபோது ஏட்டைத் திருத்துபவராக இருத்தலும், வீட்டைத் திருத்தாமல் ஏட்டை மட்டும் திருத்துவார் முன் 'இயலாது' என்று சொல்பவராக இருத்தலும் இத்தொழிலின் அறம்.

கவிஞர்க்கு இதில் என்ன பங்கு

புனைவு பொய்யன்று. கவிஞர் நிலவை முகம் என்றால் அது முகமன்று என்பது சொல்பவர்க்கும் தெரியும், கேட்பவர்க்கும் தெரியும். புனைவு தன்னைப் புனைவென அறிவித்துக்கொண்டே வருகிறது. கட்டட ஏட்டில் நுழையும் பொய் அத்தகையதன்று; அது மெய்யின் உடையை உடுத்து வருகிறது. 'வாழ்க்கைமுறை', 'நிறைவுற்றது', 'ஏற்கத்தக்க அளவில் உள்ளது' என்பன அதன் உடைகள். கடுமொழி ஏதும் அவற்றில் இல்லை, அணியும் இல்லை. தட்டையான, அமைதியான, அலுவலகச் சொற்கள். மொழியில் நிகழும் பெருங்கேடுகள் பெரும்பாலும் இத்தகைய நிறமற்ற, மணமற்ற சொற்களிலேயே நிகழ்கின்றன.

அச்சொற்களின் நஞ்சை அறியும் மூக்கு மொழியோடு நாளும் பழகுவார்க்கே வாய்க்கும். ஒரு சொல் தான் சுட்டும் பொருளோடு ஒட்டியிருக்கிறதா, விலகிவிட்டதா என்பதைப் பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடி ஆராய்ந்து வந்த வட்டம் இது. ஒரு கவிதையில் பொருந்தாச் சொல்லைக் கண்டால் வரியை நிறுத்தி வாதிடும் அதே கூர்மை, ஓர் அறிவிப்பில், ஒரு சான்றிதழில், குடியிருப்போர் சங்கத்தின் மடலில் பொருந்தாச் சொல்லைக் கண்டவிடத்தும் விழித்தெழுமாயின், அது தமிழுக்கும் தொண்டு, மனைகளில் வாழ்வார்க்கும் தொண்டு. முறையிடத் தெரியாதவர்க்கு ஒரு மடல் எழுதித் தருதல் கவிதையினும் தாழ்ந்த பணியன்று.

உள்ளத்தில் உண்மையும், சொல்லில் வாய்மையும், சுவரில் மெய்ம்மையும் ஒன்றியிருக்கும் மனையே மனை. அத்தகைய மனைகள் பெருகுக. அவற்றிற்குக் காவலாகும் சொற்களைப் பேணும் இவ்வட்டம் பல்லாண்டு தழைக்க என வாழ்த்தி இவ்வுரை நிறைவுறுகிறது.